ஓட்டுச்சாவடிக்கு வந்த குடங்கள்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. தர்மபுரி மாவட்டத்தில், இண்டூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்துக்கு நான் வாக்கப்பட்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த முறை பாராளுமன்றத் தேர்தலில் நான் சுயேச்சையாக நின்றேன். சிரிக்காதீர்கள், என் மாமியார் சிரித்த சிரிப்பே எனக்குப் போதும்.

நான் படித்தது பத்தாவது வரைதான். வீட்டில் மிஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், நியாயம் இல்லாததைக் கண்டால் பொத்திக்கொண்டு இருக்க வராது. எங்கள் ஊர்க் கிணறுகளில் எல்லாம் உப்புத் தண்ணீர். குடிக்கிற மாதிரி தண்ணீர் வந்தது ஒரே ஒரு அடிபம்பில்தான். அதிலும் கோடையில் பாதிக் குடம் நிறைவதற்குள் தோள் கழன்றுவிடும். இன்னொரு போர் போட்டுத் தாருங்கள் என்று மனுக் கொடுத்துக் கொடுத்து எங்களுக்கே சலித்துப்போயிருந்தது.

பம்படியில் ஒரு சட்டம் உண்டு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் ஆள் நிற்க வேண்டியதில்லை. காட்டு வேலைக்குப் போகலாம், சோறாக்கலாம். வரிசை நகர நகர, பின்னால் இருப்பவர்கள் நம் குடத்தையும் முன்னால் தள்ளி வைப்பார்கள். ஆனால் வரிசையை மாற்றி அடுத்தவள் குடத்தைத் தொட்டால் அன்றைக்கு ஊரே இரண்டாகிவிடும். எனக்கும் எதிர்த் தெருக்காரி ஒருத்திக்கும் பேச்சு நின்றுபோனதே இதில்தான். என் குடத்தைப் பின்னால் தள்ளினாள் என்று நான் சொன்னேன், தொடவேயில்லை என்று அவள் சத்தியம் செய்தாள். அதிலிருந்து எங்களுக்குள் ஜாடைப் பேச்சு மட்டும்தான்.

ஒருநாள் தண்ணீர் வராத கோபத்தில் நான் ஆபீசர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் பம்பைப் பார்த்துச் சொன்னாள்: "இங்க கத்தி என்னா பிரயோசனம்? டெல்லியில போய் கத்தச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "போறேன், போய் கத்துறேன்" என்று நானும் பம்பிடமே சொன்னேன். அந்த வீம்புதான் என்னை தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோய் மனுத் தாக்கல் செய்ய வைத்தது. சின்னம் கேட்டபோது யோசிக்கவே இல்லை. பானை கேட்டேன், அதுவும் கிடைத்தது.

ஜெயிப்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கள் ஊர், அக்கம்பக்கத்துச் சின்ன ஊர்கள், இந்தப் பெண்கள் எல்லாம் சேர்ந்து பானையில் குத்தினால், தண்ணீர் கேட்டு இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மேலே இருப்பவர்கள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதிப்பார், நான் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போவேன். அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில், "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார்கள். "பம்படிக் கட்சி" என்றேன். சிரித்துவிட்டு டீ கொடுத்தார்கள். என் எதிரி, அந்த எதிர்த் தெருக்காரியின் வீட்டுக்காரரோ பெரிய கட்சி ஒன்றின் கிளைச் செயலாளர். அவளும் கட்சி பேட்ஜைச் சேலையில் குத்திக்கொண்டு வீடு வீடாகப் போய் வந்தாள்.

ஓட்டுப்போடும் நாள் ராகி அறுப்பு நேரத்தில் வந்தது. அறுப்பை விட்டுவிட்டு இந்தப் பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று எனக்குப் பயம். அதனால் வீடு வீடாகப் போய், "காலையிலயே வந்து எடம் புடிச்சிருங்க" என்று சொல்லி வைத்தேன்.

பிடித்தார்கள், அவர்களுக்குத் தெரிந்த மாதிரி.

காலையில் பக்கத்து ஊர்ச் சாவடியைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். வாசலிலிருந்து வேப்பமரம் வரைக்கும் குடங்கள். பித்தளை, எவர்சில்வர், பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. பக்கத்தில் பொம்பளை ஒருத்தியும் இல்லை. குடத்தை வைத்துவிட்டு எல்லோரும் அறுப்புக்குப் போயிருந்தார்கள்.

உள்ளே ஒரே ரகளை. "சாவடி வாசல்லயே சின்னத்த அடுக்கி வெச்சிருக்காங்க சார்" என்று கட்சி ஏஜெண்டுகள் குதித்தார்கள். அதில் அதிகம் குதித்தவர் என் எதிரியின் வீட்டுக்காரர். எனக்காக உட்கார்ந்திருந்த ஏஜெண்டு சும்மா இருப்பாரா? "சின்னத்துல இருக்கறது மண்பானைங்க. இது பிளாஸ்டிக் கொடம். ரெண்டும் ஒண்ணா?" என்று வாதாடினார். சாவடி அதிகாரி சேலம் பக்கத்து மனிதர், பாவம். ஓட்டுச்சீட்டில் இருந்த படத்தையும் வாசலில் இருந்த குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "அம்மா, நூறு மீட்டருக்குள்ள சின்னம் இருக்கக்கூடாதுங்க. நீங்களா எடுத்துட்டா நல்லது. இல்லன்னா நான் மேல எழுதியாகணும்."

எடுக்காவிட்டால் என் பேரில் புகார் போகும். எடுத்தால் வரிசை கலையும். வரிசை கலைந்தால் யாருக்குப் பின்னால் யார் என்று அங்கேயே அடிதடி நடக்கும், பாதிப் பேர் கோபித்துக்கொண்டு காட்டுக்கே திரும்பிவிடுவார்கள். இத்தனை நாள் சைக்கிளில் அலைந்ததெல்லாம் வீண். நான் முழித்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு போலீஸ்காரர் முதல் குடத்தைத் தூக்கினார். யாரோ காட்டுக்கு ஓடிச் சொல்லியிருக்க வேண்டும், பெண்கள் அரிவாளும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். "எங்கொடத்த எவன் தொட்டது?" என்ற சத்தம் ரோட்டிலிருந்தே கேட்டது.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தது என் எதிரி. வரிசையில் அவள் குடமும் இருந்தது. இவள் என்னை ஒழித்துவிட்டுத்தான் போவாள் என்று நினைத்தேன். அவளோ என் பக்கமே திரும்பாமல் போலீஸ்காரரிடம் பேசினாள்.

"கொடம்தானே இருக்கக் கூடாது? சும்மாடு இருக்கலாம் இல்லீங்க?"

குடத்தைத் தலையில் வைக்கப் பழைய சேலைத் துணியை வட்டமாகச் சுற்றி வைத்துக்கொள்வோமே, அந்தச் சும்மாடுதான். ஒவ்வொருத்தி சும்மாடும் ஒவ்வொரு கலர், யாருடையது எது என்று எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அதிகாரி தலையாட்டினார்.

அவள் வீட்டுக்காரர் விடவில்லை. "நீ எந்தக் கட்சிக்கு வேல செய்யற?" என்று அவளைப் பார்த்துக் கத்தினார்.

"நம்ம கட்சிக்குத்தான் ஓட்டு, அதுல மாத்தமில்ல. வரிச யாருக்கும் கலையக் கூடாது. நீ உள்ள போய் ஒக்காரு."

அவர் போய் உட்கார்ந்தார். அவள் வரிசையின் முன்னாலிருந்து ஒவ்வொரு குடமாக எடுத்து, அந்த இடத்தில் அதனதன் வாயில் செருகியிருந்த சும்மாட்டை வைத்துக்கொண்டே வந்தாள். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு குடங்களை வேப்பமரம் தாண்டி ரோட்டோரம் கொண்டுபோய் வைத்தேன். வேட்பாளர் குடம் தூக்குவதைப் பார்த்து அந்த அதிகாரியே சிரித்துவிட்டார். சண்டை இல்லாமல், ஒருத்திகூட திரும்பிப் போகாமல், எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் ஓட்டுப் போட்டார்கள்.

தேர்தலில் தோற்றேன், டெபாசிட்டும் போனது. ஆனால் நான் நினைத்ததைவிட நிறையப் பேர் பானையில் குத்தியிருந்தார்கள், முகம் தெரியாத ஊர்களில்கூட. ஓட்டு எண்ணுகிற நாளில் தர்மபுரிக்குக் கிளம்பும் முன் பம்படியில் குடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தேன். முறை வரும்போது ஆள் இல்லாவிட்டால் குடம் கடைசிக்குப் போய்விடும், அதுவும் சட்டம்தான். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, இனி எப்போது தண்ணீர் பிடித்து எப்போது சோறாக்குவது என்ற அலுப்போடு பம்படிக்குப் போனேன்.

என் குடம் பம்புக்கு அடியில் இருந்தது. அதற்கு அவள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"டெல்லிக்காரி வந்துட்டியா?" என்றாள், இந்த முறை பம்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. "மிச்சத்த நீ அடி. எனக்குக் கை வலிக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றதற்கு வராத அழுகை. பிறகு நாங்கள் இரண்டு பேருமே பெண்களைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு நடையாக நடந்தோம். அவள் கட்சிக்காரர்களைப் பிடித்தாள், நான் வாயைத் திறந்தேன். அடுத்த கோடை முடிவதற்குள் ஊரின் மறுகோடியில் இரண்டாவது போர் விழுந்தது, நல்ல தண்ணீர்.

அதற்கப்புறம் எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் மை வைக்க விரலை நீட்டும்போது, எனக்கு ஓட்டுப் போடாமலே என் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளை நினைத்துக்கொள்கிறேன்.