‘நீங்கலாக’ கோபேர்

முதலில் இடது முழங்காலில் வாத்துக் கொழுப்பைத் தேய்ப்பார், பிறகு வலது. பிரபுக்கள் முன் மண்டியிடப் போகும் நாளிலெல்லாம் கோபேரின் காலை இப்படித்தான் விடியும். “எல்லாம் கல்லுத் தரை சாமி. ஒரு பிடி வைக்கோல் போட்டா என்னவாம் அவனுங்களுக்கு?” என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். நான் வோலென் ஊர்ப் பாதிரி. சத்தியம் செய்வதற்காகப் புனிதரின் பல் வைத்த பேழையைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் போவது என் தலையெழுத்து.

மற்ற குதிரைவீரர்களுக்கு ஒரு பிரபு, மிஞ்சிப்போனால் இரண்டு. கோபேருக்கு நான்கு. மாவு ஆலை மோந்தியே பிரபு கொடுத்த மானியம். திராட்சைத் தோட்டம் ரோஷ்பெல் பிரபு கொடுத்தது. மீன்குளம் ஆயருடையது, குடியிருக்கும் வீடு மடத்துடையது. அவர்களில் யார் கூப்பிட்டாலும் நாற்பது நாள் வாளும் குதிரையுமாகப் போய் நிற்க வேண்டும். இருபது வருடமாக யாரும் கூப்பிடவில்லை, அதனால் மனிதர் நன்றாகச் சதை போட்டிருந்தார்.

கூப்பிய கைகளைப் பிரபுவின் கைகளுக்குள் வைத்து, ‘நான் உங்கள் ஆள்’ என்று சொல்வது சடங்கு. ஆகவே இந்தச் சீமையின் உள்ளங்கைகளைப் பற்றி கோபேருக்குத் தெரியாதது எதுவுமில்லை. “மோந்தியே கை ஊறப்போட்ட ரொட்டி. ஆயரு கையில எப்பவும் பூண்டு நாத்தம். ரோஷ்பெல்காரன் மட்டும் புடிச்சா விடமாட்டான் சாமி, காஞ்ச கட்டை மாதிரி கை.”

உறுதிமொழியை நான் வாசிக்க, அவர் திருப்பிச் சொல்வார். ‘எவர் எதிர்த்து வந்தாலும் உங்களுக்கே உண்மையாக இருப்பேன்’ என்பது வரை குரல் கூரையைத் தொடும். அடுத்து வருவது ‘மற்ற பிரபுக்களுக்குத் தந்த வாக்கு நீங்கலாக’. அங்கே அவருக்கு இருமல் வந்துவிடும், வார்த்தை யார் காதிலும் விழாது. நான்கு பிரபுக்களிடமும், தவறாமல், அதே இடத்தில். நான்கு பேரும் தங்களைத்தான் முதல்வராக வைத்திருக்கிறார் என்று குளிர்ந்துபோய் முத்தமிட்டு அனுப்பினார்கள். ஊர் அவருக்கு ‘நீங்கலாக’ என்றே பெயர் வைத்துவிட்டது. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பிரபுக்கள் கோமகன் முன்னாலும், கோமகன் அரசர் முன்னாலும் இதே இடத்தில் இருமியவர்கள்தான். இருமத் தெரியாதவர்கள் பண்ணையாட்கள் மட்டுமே, அவர்களுடைய வாசகத்தில் அந்தச் சொல்லே கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை குட்டு உடையும் வேளை வந்தது. மோந்தியே காட்டில் அடிபட்ட ஒரு காட்டுப்பன்றி, ஓடிப்போய் ரோஷ்பெல் காட்டில் செத்தது. பன்றி யாருக்கு என்பதில் இரண்டு பிரபுக்களுக்கும் போர். இருவருடைய ஆட்களும் ஒரே காலையில் கோபேர் வாசலில் வந்து நின்றார்கள். மோந்தியேயிடம் போகாவிட்டால் ஆலை போய்விடும். ரோஷ்பெல்லிடம் போகாவிட்டால் தோட்டம் போய்விடும்.

“உங்கள ஆளுக்குப் பாதியா வெட்டி அனுப்பிடவா? எந்தப் பாதி யாருக்குன்னு மட்டும் சொல்லிருங்க” என்றாள் அவர் மனைவி ஓதியேர்ன்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் மோந்தியே பக்கம் போவார். ரோஷ்பெல்லுக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு உழவன் பிரிசே போவான். பிரிசே பிறவியிலேயே அவருடைய பண்ணையாள், எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. மாட்டுத் தொழுவத்துக்கே போய், முகத்தை மறைக்கும் தன் பழைய தலைக்கவசத்தை அவன் தலையில் கவிழ்த்தார். நானும் உடன் இருந்தேன்.

“அப்போ நான் அந்தப் பக்கம், நீங்க இந்தப் பக்கமா எஜமான்?”

“ஆமா.”

“எதிர்ல வந்தீங்கன்னா வெட்டணுமா?”

“வெட்டுற மாதிரி ஓங்கு. வெட்டித் தொலைச்சிராத.”

“நீங்களும் சும்மா ஓங்க மட்டும்தான செய்வீங்க?”

கோபேர் இருமினார்.

பிரிசே தலைக்கவசத்தைக் கழற்றித் தவிட்டுக் கூடையில் வைத்தான். பண்ணையாள் செத்தால் அவன் வீட்டின் சிறந்த மாட்டை எஜமான் ஓட்டிக்கொண்டு போவது இங்கே வழக்கம். பிரிசேயிடம் இருப்பதே ஒரு மாடுதான்.

“நான் திரும்பி வரலன்னா இந்த மாடு எம்பொண்டாட்டிகிட்டயே இருக்கணும். சாமி முன்னால வாக்குக் குடுங்க. இல்லன்னா நான் போகல, தோட்டம் போனா போவட்டும்.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்? கேட்பதற்கு முன்பே பேழையை நீட்டிவிட்டேன்.

வாக்குக் கொடுக்கக் கோபேருக்கு ஒரே முறைதான் தெரியும். நான் வாசிக்கத் தொடங்கியதும் அவருடைய முழங்கால்கள் தாமாகவே மடிந்தன. கொழுப்புத் தடவாத கால்களோடு தொழுவத்துச் சேற்றில் மண்டியிட்டு, கூப்பிய கைகளைத் தன் பண்ணையாளிடம் நீட்டினார். “உன் மாட்டைத் தொடமாட்டேன்” என்பது வரை குரல் கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு தொண்டை கமறியது.

பிரிசே அந்தக் கைகளைத் தன் சாணிக் கைகளுக்குள் வாங்கிக்கொண்டான்.

“இருமி முடிங்க எஜமான். அப்புறம் முதல்லேருந்து சொல்லுங்க” என்று பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.