மூன்றாம் வண்டியின் சந்தனம்

அமலியின் வலது காலை நசுக்கியவன் நான். இரண்டு வருடங்களாக ஊரார் வண்டியைக் குற்றம் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் அமலியையே சொல்கிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உங்களிடம் திறக்கிறேன்... காறித் துப்புவதானால் முழுதும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்!

மங்கலம் சாலையில் ஒரு பனியன் கம்பெனியில் நான் இன்ஜினியர். துணி ரோல்களைக் கிடங்கிலிருந்து கட்டிங் பிரிவுக்குக் கொண்டுபோக, ஆளில்லாமல் ஓடும் நான்கு வண்டிகள் அங்கே உண்டு. அவற்றுக்குத் தலைவன் கிடையாது. ஒவ்வொன்றும் தன் முன்னாலுள்ள கேமராக் கண்ணாடி வழியே கண்டதை வைஃபையில் மற்ற மூன்றுக்கும் சொல்லும். நான்கும் பேசிவைத்து ஒன்றுக்கொன்று வழிவிடும். கண்ணாடி மறைந்தாலோ, மற்றவற்றின் பேச்சு கேட்காமல் போனாலோ, அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது விதி.

இரும்பு அலமாரிகளுக்கு நடுவே வைஃபை அடிக்கடி அறுந்தது. வண்டிகளும் அடிக்கடி நின்றன. முதலாளி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, ஆளில்லா வண்டின்னு சொல்லிப்போட்டு, அதைத் தள்ளறதுக்கு நாலு ஆளு வெச்சிருக்கறீங்களே!"

சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றே அந்த விதியைத் தூக்கி எறிந்தேன். ஒன்றுக்குத் தெரியாவிட்டால் இன்னொன்று சொல்லாதா என்ன? அகந்தை... வேறென்ன!

ஆயுதபூஜை வந்தது. வண்டிகளுக்கும் மாலை, பொட்டு. மூன்றாம் வண்டியின் கண்ணாடியில் மூன்று விரலால் சந்தனம் இழுத்தவன் நான்தான். வேலை தொடங்கும் காலையில் துடைக்கப் போனேன். "சாமிக்கு வெச்சதுங்க, தானா உதிரட்டுமுங்க" என்றார் முதலாளி. விட்டுவிட்டேன். பழைய விதி இருந்திருந்தால் அந்த வண்டி நகர்ந்தே இருக்காது.

அமலி தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அன்று, ஆட்கள் நடக்கவென்று போட்ட மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, நடைபாதையில் நின்று ரோல்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். எதிரே வந்த வண்டி அவளைப் பார்த்தது. மற்றவற்றுக்குச் சொல்லவும் செய்தது. வைஃபை அறுந்து, அந்தச் செய்தி மூன்றாம் வண்டிக்கு வந்து சேரவில்லை. நடைபாதை காலி என்று நினைத்து, எதிர்வண்டிக்கு வழிவிட ஒதுங்கியது அது. அமலியின் மேல்!

எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அலமாரிக்கும் வண்டிக்கும் நடுவில் அவள் கால். சக்கரம் ஓயாமல் உந்தியது. வெள்ளைத் துணியில் ரத்தம் ஊறி ஏறியது. "சார்... நிப்பாட்டுங்க சார்!" என்று அலறினாள்.

நிறுத்தும் சிவப்புப் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து, சட்டைக் கையால் சந்தனத்தைத் துடைத்தேன்! காய்ந்திருந்தது... எச்சில் தொட்டுத் துடைத்தேன். அவ்வளவு நேரமும் அந்த வண்டி அவளை அரைத்தது. பிறகுதான் பொத்தானை அழுத்தினேன். ஓடிவந்தவர்கள் பார்த்தது நான் நிறுத்தியதை மட்டும்தான்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"கோட்டைத் தாண்டி வந்துட்டாங்களா தம்பி?" என்று முதலாளி கேட்டார். ஆமாங்க என்றேன்.

மருத்துவமனையில் அமலி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வரலேன்னா உசுரே போயிருக்கும் சார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க... நான் கோட்டுக்கு உள்ளதான நின்னேன்? எல்லாரும் தாண்டிட்டேன்னு சொல்லுதாவ."

அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரே ஒரு சொல் போதும், தெளிந்திருப்பாள்.

"தாண்டிட்டீங்கம்மா" என்றேன்.

என் கையை விட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

"அப்ப என் தப்புதான்... உங்களுக்கெல்லாம் கஷ்டம் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க சார்."

பரவாயில்லை என்றேன். கேட்டீர்களா... நான் அவளை மன்னித்தேன்!