கமலா அக்காவின் வெள்ளைச் சட்டையும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும்

எண்ணெய் காய்வதற்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் மீன் வாசம் மாறிவிடும்... அம்மா மஞ்சள் தூளைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம்.

பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன்காரர் மோட்டாரில் கொண்டுவரும் கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி. முதலில் மஞ்சள், பிறகுதான் உப்பும் மிளகாய்த் தூளும். அந்த வரிசை மாறினால் அம்மாவுக்கு அது மீனே இல்லை.

பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மாவிடம் ஒரு மைலோ டின் நிறைய மஞ்சள் தூள் இருக்கும். ரசத்துக்கு ஒரு சிட்டிகை, பருப்பு வேகும்போது ஒரு சிட்டிகை. இருமினால் பாலில் மிளகோடு. கத்தி பட்டால் காயத்தின் மேல்.

எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் கெமிஸ்ட்ரி படித்து முடித்திருந்தேன். அந்தத் திமிர்.

திங்கட்கிழமை கோலாலம்பூரில் மேல்படிப்புக்கான உபகாரச் சம்பளத்துக்கு நேர்காணல். கிடைத்தால் பல்கலைக்கழகம். இல்லையென்றால் ராவாங்கில் பேக்டரி வேலை. போட்டுக்கொள்ள நல்ல சட்டை இல்லை. இரண்டு வீடு தள்ளி இருந்த கமலா அக்கா, ஆபீஸ் வேலைக்குப் போகிறவர், தன் வெள்ளைச் சட்டையை இரவல் தந்தார்.

சனிக்கிழமை மூக்கின் மேல் ஒரு பரு.

"மஞ்சள தடவுடி. காலையில காணாமப் போயிரும்."

"அதெல்லாம் சும்மாம்மா. நிரூபணம் கிடையாது."

"நிரூபணம் வேணுமாம்லா இவளுக்கு!"

ஞாயிறு காலை அம்மா கோயிலுக்குப் போனதும் நான் அந்த டின்னைத் திறந்தேன்.

ஆமாம், நானேதான்.

குழைத்துப் பூசி, ஊறவைத்து, கழுவிவிட்டு, சட்டையைப் போட்டுப் பார்த்தேன். சரியாகக் கழுவவில்லை போலிருக்கிறது. காலரில் மஞ்சள் விரல் தடம். பதறிப்போய் சவர்க்காரக் கட்டியை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறியது!

சவர்க்காரம் காரம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அழுகைதான் வந்தது.

அம்மா திரும்பி வந்து அலறினார். "ஐயோ, ரத்தமா? எங்கடி வெட்டிக்கிட்ட?" அப்புறம் என் காதோரம் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். "ஓ... நிரூபணம் கெடச்சிருச்சு போல."

சத்தம் கேட்டுக் கமலா அக்காவும் வந்துவிட்டார். தலை நிமிரவில்லை நான்.

"சவுக்காரம் போட்டியா? படிச்ச புள்ளதானே நீ!" என்று சிரித்தார். "மஞ்சத்தண்ணி வெளையாட்டுல எத்தன சட்ட பாத்திருக்கோம்லா. எலுமிச்சம்பழம் தேச்சு அலசிட்டு வெயில்ல போடு. சாயங்காலம் வரைக்கும் வெயில் நின்னா தப்பிச்ச."

எலுமிச்சை பட்டதும் சிவப்பு மறுபடி மஞ்சளானது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொடிக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நிழல் நகர நகர சட்டையை நகர்த்தினேன். காய்ந்தால் தண்ணீர் தெளித்தேன். அதற்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று மணிக்குச் செகிஞ்சான் பக்கம் வானம் கறுத்தது. வாசல் வாசலாகக் குரல்கள்...

"ஏய் கெமிஸ்ட்ரி! மேகம் வருது, சட்டைய எடு!"

தூறல் விட்டதும், "வெயில் வந்திருச்சு, போடு போடு!"

ஐந்து மணிக்குப் பார்த்தால், காலருக்கு உள்பக்கம் மட்டும் லேசான ஒரு சாயல்.

மறுநாள் நேர்காணலில், ஏன் கெமிஸ்ட்ரி என்று கேட்டார்கள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள் நான். அன்று சட்டைக் கதையை முழுதாகச் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் அதிகாரி, எல்லோரும் புவான் என்று அழைத்தவர், எட்டி என் காலரைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

உபகாரச் சம்பளம் கிடைத்தது. பரு மட்டும் போகவில்லை, கோலாலம்பூர் வரைக்கும் கூடவே வந்தது.

சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "நீயே வச்சிக்க, ஒனக்கு ராசி" என்றார் கமலா அக்கா. ராசியில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கிழியும் வரை போட்டேன்.

இப்போது அதே மஞ்சள் ஃபார்மசியில் கேப்ஸ்யூலாக நிற்கிறது. காபிக்கடையில் லாத்தே. வாட்ஸ்அப்பில் சர்வரோக நிவாரணி. பலவற்றுக்கு ஆதாரம் போதாது. மிளகு சேர்ந்தால் உடம்பு கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். அம்மா அதைப் பாலில் செய்துகொண்டுதான் இருந்தார், காரணம் தெரியாமல். மீனுக்கு மஞ்சள் போடாமல் என்னாலும் இருக்க முடியவில்லை.

போன வாரம் மகளின் பள்ளிச் சட்டையில் மீன் குழம்பு கொட்டிவிட்டது. நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கொண்டோமினியத்தில் கொடி கிடையாது, டிரையர்தான். எலுமிச்சை தேய்த்து அலசி, ஹேங்கரோடு கீழே கார் பார்க்குக்குப் போய், சுவரோரக் கம்பியில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றேன். போகிற வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று ஒரு லயமே எனக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது... இங்கே நான் மட்டும் போனில் வானிலை பார்த்துக்கொண்டு.

அப்போது வாசல் காவலாளி இருக்கும் கார்டு ஹவுஸிலிருந்து தமிழ்க் குரல் ஒன்று.

"மேடம்! மேகம் வருது, சட்டைய எடுங்க!"

எடுக்க ஓடினேன், சிரித்துக்கொண்டே.