சுகிர்தாவின் ஜெபக்குறிப்பு

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும் என்று வாய் வலிக்கப் பாடுவோம். ஜெபம் என்று கண்ணை மூடினால் மட்டும் ஆளின் பெயர், தகப்பன் பெயர், வியாதி, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாத்திரை என்று அவருக்கு விளக்கிச் சொல்லுவோம். சுகிர்தாவின் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுகிர்தா அங்கன்வாடி டீச்சர். காலையில் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி பனவடலிசத்திரம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், இருபது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, சாயங்காலம் திரும்புவாள். அவள் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அப்போது சபைப் பெண்கள் முறை வைத்துச் சோறு கொண்டுபோனோம், முறை வைத்து அவளுக்குத் துணைக்குப் படுத்தோம். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் எனக்குத்தான் பாவம்.

ஒரு மாதம் கழித்து அவளே கேட்டாள்: "எஸ்லினக்கா, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்த இனிமே எங்க வீட்லயே வைப்போமா? நீங்கல்லாம் வந்து இருந்தா வீடு வீடா இருக்கு."

ஐந்து பேராக உட்கார்ந்தோம். இப்போது இருபத்தேழு பேர். பாய் போதாமல் தார்ப்பாய் வாங்கினோம். வேதத்தில் ஆகாய் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேடித் திணறிய நான் இன்று வசனம் விளக்குகிறேன். விசுவாசத்தில் ஒன்றாய் வளர்ந்தோம் என்று சபை ஆண்டறிக்கையில்கூட எங்களைப் பற்றி எழுதினார்கள். நாக்கும் கூடவே வளர்ந்ததை யாரும் எழுதவில்லை.

பாட்டு முடிந்ததும் சுந்தரபாய் அக்கா நோட்டை விரிப்பாள். ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். ஒவ்வொருத்தியாகப் பார்த்து, "உனக்கு என்ன குறிப்பு?" என்று கேட்டு எழுதுவாள். குறிப்பு இல்லை என்று சொன்னால், "பாரத்தச் சொன்னாத்தானட்டி நாங்க சுமக்க முடியும்?" என்பாள். பிறகு ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்போம்.

சுகிர்தாவுக்கு ஒரே மகள், ஜெபிஷா. கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வருஷம் அவளுக்குச் சிவகிரியில் இருந்து மாப்பிள்ளை கூடிவந்தது. பையன் ஆசிர், பேங்க் வேலை. தகப்பனார் ஞானஒளிவு அண்ணாச்சி நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். பெண் பார்த்து, இரு பக்கமும் பிடித்து, நிச்சயத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. நிச்சய பிளவுஸ் என் தையல் மிஷினில்தான் இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் சுகிர்தாவின் நெஞ்சில் கிடந்தது. ஜெபிஷாவுக்குப் பதினான்கு வயதில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. அதன்பின் வந்ததே இல்லை. ஆனாலும் தினம் ஒரு மாத்திரை உண்டு. கல்யாணத்துக்குத் தடை ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் சொல்லாமல் முடிக்க சுகிர்தாவுக்கு மனசில்லை. சனிக்கிழமை சிவகிரிக்கு நேரில் போய்ச் சொல்வது என்று முடிவு செய்து, என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். காரணம் சொல்லவில்லை.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நோட்டு அவளிடம் வந்தது. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "நாளைக்கு நானே போய்ச் சொல்லுதேன். சொல்லத் தைரியம் வேணும். அதுக்கு மட்டும் ஜெபிங்கக்கா," என்றாள்.

அழுது ஜெபித்தோம். பொய் அழுகை இல்லை. வலிப்பு, மாத்திரை, சிவகிரி, ஆசிர் என்று ஒன்று விடாமல் ஆண்டவருக்கு அறிவித்தோம். கூட்டம் கலைந்து அரை மணி நேரத்தில் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'அவசர ஜெபக்குறிப்பு. சகோதரி சுகிர்தா மகள் ஜெபிஷாவின் வலிப்பு வியாதி சுகமாக. சிவகிரி சம்பந்தம் கைகூட.' தைரியத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கீழே வரிசையாகக் கும்பிடு கைகள்.

சிவகிரியில் என் சித்தி மகள் இருக்கிறாள். நன்றாக ஜெபிப்பாள். அவளுக்கு அதை அனுப்பினேன். ஜெபிக்கத்தான் அனுப்பினேன். ஆனால், 'உங்க ஊரு மாப்பிள்ளைதான், தெரியுமா?' என்று கூட ஒரு வரி சேர்த்தேனே, அது எதற்கு?

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் சிவகிரி பஸ்ஸுக்கு நின்றோம். சுகிர்தா கையில் அரை கிலோ லட்டு. அவள் போன் அடித்தது. சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டாள். ஞானஒளிவு அண்ணாச்சி.

"வர வேண்டாம்மா. விஷயம் தெரிஞ்சிட்டு. வியாதி யாருக்குத்தான் வரல? எங்கிட்ட மறைச்சிட்டு ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கீங்களே, அதான் மனசுக்கு ஒப்பல."

"அண்ணாச்சி, அதச் சொல்லத்தான் இப்ப வாரேன். பஸ் ஸ்டாண்ட்ல நிக்கேன்."

"இனிமே என்னத்தச் சொல்லதுக்கு? வச்சிருதேன்."

சிவகிரி பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயேபோய்விட்டது. சுகிர்தா லட்டு டப்பாவை என் கையில் கொடுத்து, "அக்கா, இத வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றாள். அந்த லட்டை எங்கள் வீட்டில் யாரும் தொடவில்லை. பிளவுஸ் இன்னும் கொக்கி வைக்காமல் என் பீரோவில் கிடக்கிறது.

கல்யாணத்துக்கு முன் எங்கள் கோவிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிப்பார்கள். தடை உண்டானால் அறிவியுங்கள் என்று குருவானவர் கேட்பார். எழுந்து தடை சொன்ன ஒருத்தரை நான் கண்டதில்லை. ஜெபிஷாவின் ஓலை அங்கே வருமுன்பே நாங்கள் முழங்கால் போட்டுத் தடை சொல்லி முடித்துவிட்டோம்.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுந்தரபாய் அக்கா, "தேவசித்தம் இல்லன்னா கதவு அடையத்தான் செய்யும்," என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்க எனக்கு என்ன யோக்கியதை? ஜெபிஷா தன் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "இனிமே எனக்காக யாரும் ஜெபிக்க வேண்டாம்னு சொல்லிருங்கம்மா." வெள்ளிக்கிழமைகளில் அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் இருந்து, கூட்டம் முடிகிற ஏழு மணிக்கு மேல்தான் வருகிறாள்.

சுகிர்தா கூட்டத்தை நிறுத்தவில்லை. தார்ப்பாய் விரிக்கிறாள், டீ போடுகிறாள், பாடுகிறாள். நோட்டு வந்தால், "மழைக்கு," என்கிறாள். எட்டு மாதமாக மழைக்குத்தான். ஐப்பசியில் வாசலில் எங்கள் குடையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்த அன்றும், "மழைக்கு," என்றாள். சுந்தரபாய் அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே எழுதிக்கொண்டாள்.

போன வாரம் புதிதாகப் பொன்செல்வி வந்திருந்தாள். தறிக்குப் போகிறவள், ஆறு மாதமாகத்தான் கோவிலுக்கு வருகிறாள். நோட்டு வந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "யக்கா, எம் மவளுக்கு..." என்று தொடங்கினாள். இருபத்தைந்து தலைகள் அவள் பக்கம் சாய்ந்தன. என் தலையும்தான்.

பக்கத்தில் இருந்த சுகிர்தா அவள் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். "மழைக்குன்னு சொல்லு, பொன்செல்வி."

பொன்செல்வி விழித்தாள். பிறகு, "மழைக்கு," என்றாள்.

அடுத்தது என் முறை. சிவகிரிக்கு அனுப்பினது நான்தான் என்று சொல்ல எட்டு மாதமாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். சுகிர்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு என்னட்டி குறிப்பு, எஸ்லின்?" என்று கேட்டாள் சுந்தரபாய் அக்கா.

"எனக்கும் மழைக்குத்தான்," என்றேன்.