எனக்கு மட்டும் கேட்ட தட்டல்

இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில், நாங்கள் மோர்டென்ஸ்ருட் என்ற புறநகரில் குடியிருந்தபோது, என் கணவர் பழைய கார் ஒன்றை வாங்கினார். அதன் உரிமையாளர் இறந்துபோக, அவருடைய மனைவி விற்ற கார்.

முதல் கிழமையே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. மேடு ஏறும்போது, முன்பக்கத்து இரும்புக்குள்ளிருந்து யாரோ நகத்தால் அவசரமாகத் தட்டுவது போல. மிதியிலிருந்து காலை எடுத்தால் நின்றுவிடும்.

"கேக்குதே? ஆரோ தட்டுற மாதிரி."

"ஒண்டும் கேக்கேல்லை. நீ சும்மா பயப்பிடுறாய்."

அவர் பொய் சொல்பவர் அல்லர். அதுதான் என்னைக் கலக்கியது. குளிர்காலத்தில் வேலை முடியுமுன்பே இருட்டிவிடும். ஒருநாள் தனியே வரும்போது காரை ஓரங்கட்டி, இறந்தவரைச் சமாதானப்படுத்துபவள் போல "சரி, சரி" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

கடைசியில் ரொம்மனில் கராஜ் வைத்திருந்த தமிழரிடம் போனோம். அவரே ஓட்டிப் பார்த்தார். மேட்டில் ஏறியதும் தலையாட்டினார்.

"தங்கச்சி சொல்லுறது சரி, நல்லாத் தட்டுது. பிளக் பத்தவைச்ச நெருப்பு போய்ச் சேரமுந்தி, மிச்சப் பெற்றோல் தானா வெடிக்குது. இந்த அதிர்வைக் கேக்கவெண்டே எஞ்சினிலை ஒரு சென்சர் பூட்டியிருக்கு. அது அதிர்ந்து கரண்ட் குடுத்தால், கம்ப்யூட்டர் பிளக்கின்ரை நெருப்புப் பொறியைக் கொஞ்சம் பிந்திப் போடும். தட்டல் நிண்டிடும்."

"அப்ப ஏன் நிக்கேல்லை?" என்று கேட்டேன்.

கராஜில் கழற்றிக் காட்டினார். சென்சருக்கு அடியில் துரு, திருகாணியும் தளர்ந்திருந்தது. "இரும்போடை இறுக்கி இருந்தால்தான் கேக்கும். இது செவிடாக் கிடந்திருக்கு."

துருவைச் சுரண்டி, அளவாக இறுக்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சென்சருக்குப் பக்கத்தில் சிறு சுத்தியலால் தட்டினார். எஞ்சினின் உறுமல் சட்டென்று தாழ்ந்தது, திடுக்கிட்டு மூச்சை அடக்கியது போல. தட்டுவதை நிறுத்தியதும் மெல்ல எழுந்தது.

என் கணவர் எஞ்சினைப் பார்க்கவில்லை, கராஜ்காரரைப் பார்த்துக் கேட்டார்.

"அண்ணை, மேட்டிலை உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டதே?"

"ஓம், நல்லாக் கேட்டது."

என் கணவரின் முகம் வெளிறிப்போனது. வடகோடியில் உள்ள பாட்ஸ்பியோர்ட் ஊரின் மீன் தொழிற்சாலையில், நாள் முழுக்க இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பல வருடம் நின்றவர்.

வீதியில் அதன்பிறகு தட்டல் கேட்கவில்லை. அடுத்த மாதம் காது சோதிக்கப் போனார். கண்ணாடி அறைக்குள் அவர், வெளியே நான். ஒவ்வொரு ஒலியை அனுப்பும்போதும் தாதியின் பெட்டியில் ஒரு விளக்கு எரிந்தது. கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அவர் பொத்தானில் விரலை வைத்தபடி, சோதனை இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்து, என்னைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.