பல்பு போர்டும் அம்மன் தீபாராதனையும்

எழுபத்து நாலாம் வருஷம், நல்ல மழைக்காலம். அம்மனை நம்பி வாழ்கிறவர்களே, அந்த மழையில் நானும் என் இரண்டு பெண்பிள்ளைகளும் தெருவில் நின்றிருக்க வேண்டியது.

எனக்குப் பிறவியிலேயே பார்வை மட்டு. இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட்டில் பிழைத்தோம். மரம் விழுந்து வீட்டுக்காரர் போன பிறகு, இவளால் மேடேறிக் கொழுந்து கிள்ள முடியாது என்று ஆபீஸில் டெலிபோன் போர்டில் உட்கார வைத்தார்கள். பழைய போர்டு அது. யாராவது கூப்பிட்டால் அந்த இடத்துத் தகடு டக்கென்று விழும். தடவினாலே எது என்று தெரிந்துவிடும், அதில் வயரைச் செருகிப் பேசி, கேட்ட இடத்துக்கு இணைத்துவிடுவேன். பங்களா, பாக்டரி, ஆஸ்பத்திரி எதுவும் தப்பாது. என்னை யாரும் குருடி என்று சொன்னதில்லை.

அந்த மழையில் புது போர்டு வந்தது. அதில் தகடு இல்லை. மணி அடிக்கும், குட்டி பல்பு ஒன்று எரியும். எது எரிகிறது என்று மூக்கு இடிக்கப் பார்த்தாலும் எனக்கு எல்லாம் ஒரே கலங்கல்தான். ஒருநாள் பாக்டரியில் ஒருவர் கை மெஷினில் சிக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சொல்ல அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் தப்புத் தப்பாகப் பங்களாவையும் ஸ்டோரையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் உயிர் பிழைத்தார். கை போயிற்று.

பெரிய கிளார்க் கத்தவில்லை. "ஒன்னையக் குத்தம் சொல்லலம்மா. மாசக் கடைசியோட நின்னுக்கோ. எஸ்டேட்டு குடுத்த லயத்து வீட்டையும் காலி பண்ணணும்" என்றார்.

பிள்ளைகளோடு செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். "தீச்சட்டி எடுத்தவதான நான்? கண்ணத் தா, இல்ல என்னைய எடுத்துக்கோ" என்று அழுதேன். பூசாரி தீபாராதனைத் தட்டைக் கொண்டுவந்தார். சுடர் எனக்கு என்றைக்குமே சரியாகத் தெரியாது. கையை நீட்டி, சூடு பட்ட இடத்தில் நிறுத்திக்கொள்வேன். மழையில் விறைத்த கைக்கு அன்றைக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. கண்ணில் ஒற்றும்போதுதான் உறைத்தது. பல்பும் சுடுமே.

மறுநாள் ஆபீஸுக்கு ஓடினேன். பல்பு வரிசையைத் தடவினேன். மேலே கண்ணாடி மூடி, சூடே தெரியவில்லை. பிறகு வயர்மேன் அண்ணனைக் கூப்பிட்டு மூடியையெல்லாம் கழற்றச் சொன்னேன்.

"வெறும் பல்பு வெரலச் சுடுமே தாயி."

"சுடட்டும்ணே. சுட்டாத்தான எனக்குத் தெரியும்."

மாசக் கடைசியில் பெரிய கிளார்க் சொல்லாமல் கொள்ளாமல் பாக்டரிக்குப் போய், என்னைச் சோதிக்க அங்கிருந்து கூப்பிட்டார். மணி அடித்ததும் தடவினேன். ஒன்று வெதுவெதுவென்று இருந்தது. வயரைச் செருகி, "பாக்டரி, சொல்லுங்கய்யா" என்றேன். அவர் "சரிம்மா, வேலையில இரு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். தேம்பித் தேம்பி அழுதேன்.

கேட்ட கண்ணைத் தாய் தரவில்லை. இருந்த மங்கல் பார்வையும் இப்போது போய்விட்டது. கை போனவரைக் கோவிலில் காணும்போதெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் வேலை இருக்கிறது, பிள்ளைகள் அதே வீட்டில் தூங்குகிறார்கள். முன்பெல்லாம் ஆபத்துக்கு மட்டும் அவளைத் தேடுவேன். இப்போது ஒரு வெள்ளியும் தவறுவதில்லை.

நீங்களும் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். தீபாராதனை வரும்போது மட்டும் தொட்டும் தொடாமலும் கையை இழுத்துக்கொள்ளாதீர்கள். சூடு ஏறும் வரை கொஞ்சம் வைத்திருங்கள்.