இரண்டரையாவது மாடியில் ஒரு கிறிஸ்மஸ் தாத்தா

போன வாரம் முழங்காலில் சிராய்ப்பு. எப்படி என்று கேட்காதீர்கள். ஐம்பதைத் தாண்டிய ஆள் பூனைக்கு வழிவிடப் போய் விழுந்தான் என்று வெளியே தெரிந்தால் நன்றாக இருக்காது. மருந்துக்கடையில் பஞ்சுச் சுருள் வாங்கி வந்து நீலக் காகிதத்தைப் பிரித்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. பஞ்சுக்கு என்ன வாசனை என்பீர்கள். உண்டு. ஒரு மாலை முழுக்க அதை மோவாயில் ஒட்டிக்கொண்டு வியர்த்தவனுக்குத் தெரியும்.

அந்த மாலை நடந்தபோது எங்களுக்கு ஹைதராபாத் பக்கம், மாரெட்பள்ளியில் வாடகை வீடு. எனக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. செகந்திராபாத்தில் தமிழில் ஆராதனை நடக்கும் ஒரு சபைக்குப் போய்வருவோம். பாளையங்கோட்டைக்காரர்கள், நாகர்கோவில்காரர்கள், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த பழைய குடும்பங்கள் என்று எல்லாரும் கலந்திருப்பார்கள். பெரியவர்கள் தமிழில் அதட்டுவோம், பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொல்லும். டிசம்பர் பிறந்தால் கீத பவனி. வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி, கேக் தின்று, ஜெபித்துவிட்டு வருவது. அதற்கு ஒரு கிறிஸ்மஸ் தாத்தா வேண்டுமே! தேர்வு ரொம்ப எளிது. யாருக்குத் தொப்பை பெரிதோ அவர்தான். "இவருன்னா தலையணை கட்ட வேண்டாம்" என்று பாடகர் குழுத் தலைவர் என் வயிற்றைத் தட்டிச் சொன்னார். அதோடு சபையின் ஆஸ்தான கோமாளியும் நான்தான்.

சிவப்பு நைலான் அங்கி, கையில் மணி, முகத்தில் பிளாஸ்டிக் முகமூடி, அதன் கீழே பசையால் ஒட்டிய பஞ்சுத் தாடி. முகமூடிக்குள் ரப்பர் வாடையும் நாம் விட்ட மூச்சும்தான் சுற்றிச் சுற்றி வரும். ஆனாலும் அந்த வருடம் எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளே நான் எப்படி முழித்தாலும் வெளியே அது சிரித்துக்கொண்டிருக்கும்.

முழிக்கக் காரணம் இருந்தது. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்ததற்கு ஹைதராபாத்தில் எங்களுக்குக் காய்ச்சல். ஆபீஸில் ஒரு கண்ணாடி அறை உண்டு. வெள்ளிக்கிழமைகளில் யாரையாவது அதற்குள் கூப்பிடுவார்கள். போனவர் வெளியே வந்து, மேஜையிலிருந்த குடும்ப போட்டோவையும் காபிக் கோப்பையையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்புவார். அதைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கதவு மூடினாலும் என் நெஞ்சு தடதடக்க ஆரம்பித்தது. லிஃப்டையே விட்டுவிட்டேன். ஆறு மாடி ஏறி வியர்த்து நின்றால் "தொப்பையைக் குறைக்கிறேன்" என்பேன். தொப்பை குறையவில்லை, பயமும் குறையவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சிரிக்க வைக்கிறவன் போய் நெஞ்சு படபடக்கிறது என்றால், அதற்கும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள்.

அந்த ஞாயிறு மாலை ஹப்சிகுடாவில் ஒரு ஃப்ளாட், நாலாவது மாடி. இரும்பு மடிப்புக் கதவு வைத்த பழைய லிஃப்ட், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். பாடுகிறவர்கள் தவணை தவணையாக மேலே போய்விட்டார்கள், என் மனைவி ஷீலாவும்தான். தாத்தா கடைசியில் மணியடித்துக்கொண்டு வந்தால்தான் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் என்பதால் நான் கீழே நின்றேன். பக்கத்தில் எஸ்தர் அத்தை, ஷீலாவின் அம்மா. கிறிஸ்மஸுக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். அந்த வீட்டுக்குக் கொடுக்கச் சுட்ட அச்சுமுறுக்கு டின்னை மார்போடு அணைத்திருந்தார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு, படி ஏற முடியாது.

"நான் படியில வந்துருதேன் அத்தை."

"மணியும் அங்கியுமா? தடுக்கி விழுந்தா கிறிஸ்மஸ் தாத்தாவுக்குல்லா மாவுக்கட்டு போடணும். ஏறுங்க மாப்ளே."

ஏறினேன். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் அத்தையிடம் நான் பேசியதெல்லாம் "சாப்டீங்களா", "ரயில்ல கூட்டமா" அளவுதான். எனவே இரண்டு மாடிகள் மௌனமாகக் கடந்தன. மூன்றாவது வருவதற்குள் கரண்ட் போயிற்று.

லிஃப்ட் நின்றது. இருட்டு. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் செங்கல் சுவர். என் நெஞ்சு தடதடக்க ஆரம்பித்தது. நான் கத்தினேன். கிறிஸ்மஸ் தாத்தா கத்தக்கூடாதுதான், கத்தினேன்.

கீழேயிருந்து வாட்ச்மேன் குரல் வந்தது. "கைக்கு சில்லாரை சாப்? கரண்ட் ஆத்தா ஹை! பரேஷான் நக்கோ!" ஏன் கத்துகிறீர்கள், கரண்ட் வந்துவிடும், கவலை வேண்டாமாம். சொல்லிவிட்டு அவன் மெழுகுவர்த்தி தேடப் போய்விட்டான்.

அப்போதுதான் என் கையில் மணி இருப்பது நினைவுக்கு வந்தது. ஆபத்துக்கு அடிக்கிற அடியாக அடித்தேன். மேலே பாட்டு நின்றது. பிறகு பிள்ளைகளின் கூச்சல்: "சான்டா வர்றாரு! சான்டா வர்றாரு!" நான் இன்னும் பலமாக அடிக்க, அவர்கள் இன்னும் பலமாகப் பாடினார்கள். பாட்டு வேகமெடுத்தது, கைத்தட்டல் சேர்ந்தது. என் மரண பயத்துக்கு அவர்கள் தாளம் போட்டார்கள். சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்துவிட்டேன்.

அதன் பிறகே பக்கத்திலிருந்து வந்த சத்தம் காதில் விழுந்தது. அத்தையின் மூச்சில் மெல்லிய விசில்.

"அத்தை, மருந்து எங்க?"

"கைப்பையில. பை ஷீலாட்ட." மூச்சு வாங்கினார். "முதல்ல அந்தத் தாடியப் பிய்ச்சு எறிங்க. தூசி ஏறுது."

பிய்த்தேன். மோவாய்த் தோலும் பாதி கூட வந்தது. முகமூடியை மட்டும் கழற்றவில்லை.

"அதையும் கழத்துங்க."

"வேண்டாம் அத்தை."

"இருட்டுல யாரு பாக்கப் போறா? அழுதா அழுதுட்டுப் போங்க."

முகமூடிக்குள் அழுவது வெளியே கேட்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கழற்றினேன். "இந்தக் கம்பிக்கிட்ட வாங்க. காத்து வருது பாருங்க" என்று அவரே என் கையைப் பிடித்து இழுத்து நகர்த்தினார். மூச்சில்லாமல் தவிப்பது அவர், காற்று காட்டுவதும் அவர். விசில் கூடிக்கொண்டே போனது.

"மாப்ளே, ஒரு ஜெபம் பண்ணுங்க."

இது லிஃப்டுக்குள் இன்னொரு லிஃப்ட். நான் யார் முன்னாலும் வாய்விட்டு ஜெபித்ததில்லை. எங்கள் வீட்டில் அது அப்பாவின் வேலை. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்க ஆரம்பித்தால் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பஞ்சம் வந்த தேசங்களை விசாரித்து, சீக்காளிகளைப் பெயர் பெயராகச் சொல்லித்தான் குழம்புக்கு வருவார். அதற்குள் குழம்பு ஆறிவிடும். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பெரிய முட்டை எதுவென்று பார்த்து வைத்திருப்பேன். நான் குடும்பத் தலைவனானதும் அந்த ஜெபத்தைச் சுருக்கி மூன்று வரியாக்கினேன், அதையும் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பேன். என்னிடமிருந்த மொத்த ஆன்மிகச் சொத்தும் அதுதான். இருட்டில் வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது.

"ஆண்டவரே, நீர் தந்த இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். சமைத்த கைகளை ஆசீர்வதியும். இல்லாதவர்களுக்கும் கொடும். ஆமென்."

விசில் நின்ற மாதிரி இருந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. காதைத் தீட்டிக் கேட்டால் அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். பிறகு டின் மூடி திறக்கும் சத்தம்.

"ஜெபம் பண்ணியாச்சுல்லா. சாப்பிடாம இருக்கக்கூடாது. பிடிங்க."

மேல்வீட்டுக்காரர்களின் அச்சுமுறுக்கை இருட்டில் உட்கார்ந்து தின்றோம். எள்ளும் தேங்காய்ப்பாலும் மணக்க, நொறுக் நொறுக்கென்று. மெல்ல மெல்ல என் நெஞ்சு நடைக்கு வந்தது. அத்தையின் மூச்சில் விசில் இருந்தது, ஆனால் கூடவில்லை. வாய் நிறைய முறுக்கோடு நான் சொன்னேன்: "அத்தை, ஆபீஸ்ல என்னை அனுப்பிருவாங்களோன்னு பயமா இருக்கு. மூடுன எடத்துல நிக்க முடியல. யார்ட்டயும் சொல்லல."

அத்தை வாயிலிருந்த முறுக்கை மென்று விழுங்கினார்.

"உங்க மாமா வேல பாத்த மில்லப் பூட்டுனப்ப, கஞ்சிக்கு முன்னால இதே மாதிரி மூணு வரிதான் சொன்னாவ. நீளமா ஜெபிக்கத் தெம்பு கிடையாது." அடுத்த முறுக்கை நீட்டினார். "இன்னா, உடைஞ்சத நீங்க தின்னுங்க. முழுசு மேல உள்ளவுகளுக்கு."

புத்திமதி இல்லை, வசனம் இல்லை. உடைந்த முறுக்கு மட்டும்.

கரண்ட் வந்தது. நாலாவது மாடியில் கதவு திறந்ததும் ஷீலா மருந்தோடு ஓடிவந்தாள். தாடியில்லாத தாத்தாவைப் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது. மருந்தை உறிஞ்சி மூச்சைச் சீராக்கியதும் அத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "நாந்தான் பயந்து நடுங்கிட்டேன். மாப்ள இல்லன்னா என்ன ஆயிருக்கும்! மணியடிச்சு, தாடியப் பிய்ச்சு விசிறி, ஜெபமும்லா பண்ணுனாவ." அன்று சபையில் எனக்கு வீரன் பட்டம். என்ன ஜெபம் என்று பாடகர் குழுத் தலைவர் கேட்டதற்கு, "நல்ல ஜெபம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

வேலை அந்த வருடம் தப்பித்தது, அடுத்த வருடம் போனது. போனபோது, நான் நினைத்த மாதிரி செத்துவிடவில்லை. வேறு ஒன்று கிடைத்தது. அத்தை பாளையங்கோட்டைக்குத் திரும்பிய பிறகு, போனில் ஷீலாவிடம் எல்லாக் கதையும் பேசி முடித்து என்னிடம் கொடுக்கச் சொல்வார். கேட்பது ஒன்றுதான்: "மாப்ளே, காத்து வருதா?" வருகிறது என்றால் வைத்துவிடுவார். சில நாள் பொய் சொல்வேன். தெரிந்துவிடும், வைக்கமாட்டார்.

அத்தை இப்போது இல்லை. என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட வேறு ஆளும் இல்லை. கீத பவனிக்காரர்களைப் பெரிய குடியிருப்புகளின் காவலாளிகள் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஹப்சிகுடாவின் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டு உயரமாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் கரண்ட் போனால் விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், அவ்வளவுதான், ஜெனரேட்டர் எழுந்துவிடும். அந்த நாட்களில் அப்படி ஒன்று வேண்டுமென்று நான் ஏங்காத நாளில்லை. கிடைத்துவிட்டது. பயமாக இருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி முடிக்கிற அளவுக்கு இருட்டு இப்போது நீடிப்பதில்லை.